பூசலார் நாயனார் மனத்தினிலெடுத்த திருக்கோயில்

சைவபாடசாலைகளிலே பெரியபுராணங் கற்பிக்கும் ஆசிரியர் பலருக்குப் பூசலார் நாயனார் புராணம் எளிதானதொரு பாடமாகத் தோன்றும். கதை சிறிது, முடிவு மாணாக்கர் மனத்தைக் கவர்வது. ஆயினும், பாடஞ் சொல்லி முடித்தவுடன் கூரிய புத்தியுடைய மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, கோயிலை மனத்தினாலே கட்டினாற் போதுமாயின், கல்லும் மண்ணுஞ் சுமப்பது எதற்கு?" என்று வினாவுவானாயின், ஆசிரியர் யாது விடை பகர்வார்? "அன்பே பெரிது" என்று மாத்திரஞ் சொல்லி அமைவாராயின், அது மெய்யேயாயினும் நிரம்பிய விடையாகாது. மாணாக்கன் அதனைச் சோம்பலுக்கோர் ஆதரவாகக் கொள்ளவுங் கூடும். ஆதலால், இப்பாடத்தின் உட்கிடையை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

சரித்திரச் சுருக்கம்

தொண்டைநாட்டுத் திருநின்றவூரிலே அந்தணர் குலத்திலே தோன்றியவர் பூசலார். வேதாகமங்களைக் கற்றலும், சிவனடியார்க்கு வேண்டுவன உதவுதலும் அவர் இயல்பு. சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்கவேண்டுமென்னும் பெருவிருப்பம் அவருள்ளத்தே மூண்டது. பொருள் தேடி எங்கும் வருந்தித் திரிந்தார்; சிறிதும் பெற்றிலர். அதன்மேலே, மனத்தினாலே செய்வேனென்று துணிந்து, நினைவினாலே நிதியமும், கருவிகளும், தச்சரும் தேடிக்கொண்டு, நல்ல நாளிலே ஆகமவிதிப்படி அடிநிலை அமைத்து, இரவினுங் கண்ணுறங்காது திருப்பணி செய்தார். நெடுநாட் சென்றபின் திருப்பணி நிரம்பிற்று. பிரதிட்டைக்கு நாளுங் குறித்தார்.

அக்காலத்திலே காடவர்கோனாகிய பல்லவ அரசன், காஞ்சிபுரத்திலே மிக்க பொருள் செலவிட்டுக் கற்றளியொன்றெடுத்து, அதே நாளைப் பிரதிட்டைக்கு நியமித்திருந்தான். முதல்நாளிரவு சிவபெருமான் அவன் கனவிலே தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்திலே நாளை நாம் புகுவோம், நீ உன் செய்கையைப் பின்னர் வைத்துக்கொள் என்று அருளினார். அரசன் திருநின்றவூரை யடைந்து, பூசலார் அமைத்த கோயில் எங்கேயென்று வினவினான். அப்படியொரு கோயில் அவ்வூரில் இல்லையென்றார்கள். அரசன் நாயனாரைத் தன்பால் அழைப்பியாது, தானே அவரிடஞ் சென்று வணங்கிக் கேட்டான். நாயனார் திகைத்துத் தாம் செய்ததை விளம்பினார். அரசன் வியந்து நிலமிசை வீழ்ந்து பணிந்து மீண்டான்.

விருப்பமும் மனோராச்சியமும்

இனி, மாணாக்கன் வினாவை எடுத்துக்கொள்வாம். ஒன்றை விரும்புதல் வேறு, அதனை வீணே எண்ணி மகிழ்தல் வேறு. வீணெண்ணத்தை மனோராச்சியமென்பர் பெரியோர். மனோராச்சியஞ் செய்வோன் கண்ணிமைப்பொழுதிலே ஏழுநிலைக் கோபுரத்தை எழுப்புவான். அடுத்த கணத்திலே அதனை மறந்து வேறொன்றை எழுப்புவான். அவனுக்கு அடித்தளமும் வேண்டுவதில்லை, அளவும் வேண்டுவதில்லை, நாளும் வேண்டுவதில்லை.

பூசலார் செய்தது யாது? கல்லின் பாரமும் கூலியின் செலவும் இல்லாத மனத்தினிடத்தே, ஒரு நொடியில் முடிக்கத்தக்க வேலையை அவர் நெடுநாட் செய்தார். உபானமுதலாகிய படைகளை ஒவ்வொன்றாக அமைத்தார். சிகரத்தையும் கருதிய முழ அளவிலேயே கொண்டார். தூபி நட்டார், சுதை தீற்றினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், திருக்குளமுந் தொட்டார். மனக்கோயிலுக்குக் கிணறு எதற்கென்று சிறிது சிந்திக்க. ஆலயமென்றால் அபிடேகத்துக்கு நீர் வேண்டும், அடியார்க்கு நீராடத் துறை வேண்டும் என்பதை அவர் மறந்திலர். தாம் காணும் வடிவழகில் மயங்கி நில்லாது, அங்கே வந்து வழிபடுவார் தேவையையும் எண்ணுதலே மெய்யான கட்டடவிருப்பத்தின் இலக்கணமாம்.

ஆகவே, மாணாக்கனுக்கு நாம் சொல்லத்தக்க விடை இது: நாயனார் உழைப்பினின்று தப்பும் பொருட்டு மனத்தை நாடினாரல்லர். கையினாற் செய்தற்கே முதலில் முயன்றார். பொருள் கிடையாதபோது உழைப்பை விடாது, அதனைச் செய்யும் இடத்தை மாத்திரம் மாற்றிக்கொண்டார். அவர் கல்லொன்றையுஞ் சுமந்திலரெனினும், திருப்பணிக்குரிய ஒழுங்கு முழுவதையுஞ் சுமந்தாரென்க. பெருமான் அரசனுடைய கற்றளியை இகழ்ந்தருளவுமில்லை. பின்னொரு நாளுக்கே அதனை வைத்தருளினார்.

சிற்பநூல் கூறும் ஒழுங்கு

இவ்வொழுங்கு இன்னதென்று ஆசிரியர் சிறிது அறிந்திருத்தல் நன்று. விமானம் ஆறு அங்கமுடையதென்று சிற்பநூலார் கூறுவர். அவை கீழிருந்து முறையே அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், ஸ்தூபி என்பனவாம். இவற்றை மனித சரீரத்தின் அடி, கால், தோள், கழுத்து, தலை, முடி என்பவற்றோடு ஒப்பிட்டு விளக்கினால் இளம்பிள்ளைகளும் எளிதில் உணர்வர். உபானமென்பது அதிட்டானத்தின் அடிப்படை. அளவை கூறுமிடத்து 24 அங்குலம் ஒரு முழமாம்.

சிற்பியர் ஸ்தபதி, சூத்திரக்கிராகி, தக்ஷகன், வர்த்தகி என நால்வகையினர். ஸ்தபதி முழுத்திட்டத்தையும் வகுப்பவன், சூத்திரக்கிராகி நூல்பிடித்து அளவு காப்பவன், தக்ஷகன் செதுக்குபவன், வர்த்தகி பொருத்துபவன். மயமதம் ஸ்தபதிக்கு இலக்கணங் கூறுமிடத்து, கணிதத்தில் வல்லவனாதலோடு, இரக்கமுடைமை, பொறாமையின்மை, பேராசையின்மை, புலனடக்கம் என்னுங் குணங்களையும் வேண்டுகின்றது. கல்லை அறுக்க இக்குணங்கள் எதற்கெனின், பேராசையுடையவன் அளவைக் குறைப்பான், பொறாமையுடையவன் உடன்வேலை செய்வான் கைத்திறத்தைக் கெடுப்பான், அடக்கமில்லாதவன் அவசரப்படுவான். இவர்கள் குற்றமெல்லாம் சுவரிலே தோன்றும். தொழிலிலே மெய்யான பற்றுடையோன் அத்தொழிலின் பொருட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள நேரும். கட்டடவிருப்பம் ஒருவன் சீவியத்தை உருவாக்கும் வழி இதுவேயாம்.

கல்லிலெடுத்தவனும் பணிந்தவனே

காடவர்கோன் என்னும் அரசன் இராசசிங்கனென்னும் இரண்டாம் நரசிங்கவர்மனேயென்றும், அவனெடுத்த கற்றளி காஞ்சிக் கைலாசநாதர் கோயிலேயென்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். கி. பி. 700 ஆம் ஆண்டையடுத்து எழுந்த அக்கோயில் இன்றும் நிற்கின்றது. அதன் திருமதிலை யொட்டி உட்புறத்தே சிறுகோயில்கள் நிரையாக அமைந்துள்ளன. இத்துணை அரிய வேலையைச் செய்வித்தவன், பொருளில்லாத ஓரந்தணர் தம்மினும் முந்திவிட்டாரென்று கேட்டபோது சினந்திலன். அவரிடந் தானே நடந்து சென்றான். திருப்பணி அவனுக்குப் பணிவைக் கற்பித்தது. நம்மவருள் ஓரூர்க் கோபுரத்தினும் தம்மூர்க் கோபுரம் ஒரு முழமாவது உயரவேண்டுமென்று போட்டியிடுவோர், அப்பேரரசன் செய்கையை நினைப்பாராக. திருநின்றவூரிலே இருதயாலீசுவரர் ஆலயம் இன்றும் விளங்குகின்றது. கற்றளியெடுத்த மன்னனையும் மனத்திலெடுத்த அடியாரையும் உலகம் ஒருங்கே நினைக்கின்றது.

இக்காலத்து ஓருதாரணம்

இத்தகைய பொறுமை பழங்காலத்தார்க்கே உரியதோவெனின், அன்று. யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளிடத்திலே 1949 ஆம் ஆண்டிலே தீட்சை பெற்ற அமெரிக்கராகிய சிவாய சுப்பிரமுனியசுவாமிகள், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயிலே கருங்கல்லால் இறைவன் கோயில் எடுக்கத் தொடங்கினார். அதற்குத் திட்டம் வகுத்தவர் வை. கணபதி ஸ்தபதியார். கற்கள் பெங்களூருக்கு அணித்தாக உளியினாற் கையாலே செதுக்கப்பட்டுக் கப்பலேறிச் சென்றன.

அதன் அடித்தளம் 1999 ஆம் ஆண்டிலே இடப்பட்டது. கொங்கிரீற்றினுள் வைக்கும் இரும்புக்கம்பி துருவேறும்போது பருத்துத் தன்னைச் சூழ்ந்ததை வெடிக்கச் செய்யும். கடற்காற்று வீசும் நம்மூர்களில் இதனை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். ஆயிரம் ஆண்டு நிலைக்கவேண்டுமென்று கருதியமையால், இரும்பை முற்றும் நீக்கி, சீமெந்திற் பாதிக்கு மேற்பட்ட பங்குக்கு ஈடாக நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்து அத்தளத்தை அமைத்தார்கள். சுவாமிகள் 2001 ஆம் ஆண்டிலே சமாதியடைந்தார். ஸ்தபதியார் 2011 ஆம் ஆண்டிலே காலமானார். கும்பாபிடேகம் 2023 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. இருவரும் தாம் காணாத நாளின் பொருட்டு உழைத்தனர். கோயிலை அவர்கள் முதலில் மனத்திலே முழுவதும் எடுத்து அளவுகளை எழுதி வைத்தமையாலன்றோ, அவர்க்குப் பின்னும் பணி பிறழாது நடந்தது!

ஆசிரியர் கடமை

இப்பாடம் நமக்கு மிக அணித்தான ஒன்றையும் உணர்த்துகின்றது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த யுத்தத்திலே நம் ஆலயங்களும் பாடசாலைகளும் பல சிதைந்தன. வலிகாம வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டிலே இடம்பெயர்ந்தோருட் பலர், இருபது ஆண்டுக்கு மேலாகத் தம்மூர்க் கோயிலைக் கண்ணாற் காணாது மனத்தாலே வணங்கினர். அவர்களுக்குப் பூசலார் புராணம் வெறுங்கதையன்று. மீண்டு சென்று இடிந்த சுவரைக் கண்டபோது, மண்டபம் எத்தனை தூண், வாயில் எத்தனை முழம், கிணறு எத்திசையிலிருந்ததென்று நினைவிற் கொண்டவரே அதனை முன்போல எடுப்பதற்கு உதவவல்லார். அளவோடு நினைத்த கோயில் இடிந்தாலும் எழும். அளவின்றி நினைத்தது மூத்தோர் மறையும்போது அவரோடே மறையும்.

ஆதலால், ஆசிரியர்காள்! இப்பாடத்தை முடித்தபின், மாணாக்கரை உங்களூர் ஆலயத்துக்கு ஆசாரத்தோடு அழைத்துச் செல்லுங்கள். வெளிவீதியில் நின்று விமானத்தின் ஆறு அங்கங்களையும் காட்டுங்கள். உரியவர் அனுமதி பெற்று, முழக்கயிற்றினாலே மண்டபத்தை அளப்பியுங்கள். பாடசாலைக்கு மீண்டு, கண்ணை மூடிக்கொண்டு அக்கோயிலை அடிமுதல் முடிவரை மனத்திலே எடுத்துப் பார்க்கச் சொல்லி, பின்னர் அதனைக் கொப்பியில் வரைவியுங்கள். விடுபட்ட அங்கத்தை அவர்களே கண்டுகொள்வர். அவ்வரைபடங்களைப் பாடசாலையிலே பேணி வையுங்கள்.

பொருளின்மையால் நூல்நிலையமில்லை, மண்டபமில்லை என்று வருந்தும் ஆசிரியரும் பலர். அவர் பூசலாரை ஆசானாகக் கொள்ளக்கடவர். வேண்டிய மண்டபத்தின் நீளம், அகலம், செலவு, செய்முறை யாவற்றையும் இன்றே அளவிட்டு எழுதிவைப்பாராயின், உதவ வல்லாரொருவர் வரும் நாளிலே அவர் வெறுங்கையோடு நில்லார். உதவி வாராதொழியினும், அவ்வொழுங்கு அவரது கற்பித்தலிலும் நடையிலும் புலப்படாமற் போகாது.

மாணாக்கருக்குரிய வினாக்கள்

1. பூசலார் நாயனார் மனத்தினாலே கோயிலெடுக்கத் துணியுமுன் செய்த முயற்சி யாது?

2. மனக்கோயிலுக்குக் கிணறும் திருக்குளமும் அமைத்தமையால் நாம் உணரத்தக்கது யாது?

3. விமானத்தின் ஆறு அங்கங்களையும் கீழிருந்து முறையே கூறுக.

4. காடவர்கோன் நாயனாரைத் தன்பால் அழைப்பியாது தானே சென்றமை அவனது எக்குணத்தைக் காட்டும்?

5. விருப்பத்துக்கும் மனோராச்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டை உன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓருதாரணங் காட்டி விளக்குக.

திருச்சிற்றம்பலம்.