கோட்டைப் பாருங்கள்

கேள்வி: காமிக்ஸ் படிக்கும்போது கதை வேகத்தில் படங்களைத் தாண்டிப் போய்விடுகிறேன். ஓவியரின் பாணியை ரசிக்க எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கோட்டிலிருந்து தொடங்குங்கள். ‘டின்டின்’ படைத்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகம், கார், கட்டடம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே தடிமனில் கோடு. நிழல் மிகக் குறைவு. அதனால்தான் கூட்டம் நிறைந்த காட்சியிலும் கண் தடுமாறுவதில்லை.

அடுத்து, நம் வாசகர்கள் ‘கேப்டன் டைகர்’ என்று கொண்டாடும் ‘புளூபெரி’. 1963-இல் தொடங்கிய அந்த வெஸ்டர்ன் தொடரை வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோ. அடர்ந்த கறுப்பு மை, கரடுமுரடான பாறைகள், சவரம் செய்யாத முகத்தில் படிந்த புழுதி என்று பாலைவனத்தின் வெக்கையே நம்மைத் தொடும். அதே ஜிரோ, ‘மோபியஸ்’ என்ற புனைபெயரில் 1975-இல் ‘அர்ஸாக்’ தொடரைத் தொடங்கினார். அதில் வசனமே கிடையாது. விசித்திரப் பறவைமேல் ஒருவன் பறந்து செல்கிறான். நுணுக்கமான பேனாக் கோடுகளும் வண்ணமும் ஒரு கனவுலகை எழுப்புகின்றன. கை ஒன்றுதான்; கதைக்கேற்பக் கோடு மாறுகிறது. பாணி என்பது ஓவியர் யோசித்து எடுக்கும் முடிவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

முதல் முறை கதைக்காகப் படியுங்கள். மறுமுறை வசனத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள்: கறுப்பு எங்கே குவிகிறது, எது வரையப்படாமல் விடப்பட்டிருக்கிறது? பிடித்த கட்டம் ஒன்றைப் பென்சிலால் வரைந்தும் பாருங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அப்போது நன்றாகவே புரியும்.