தொல்லையில் பிறக்கும் தொழில்

தொழில் தொடங்க முதலில் வேண்டியது பணமன்று. பிறர் படும் தொல்லையைக் காணும் கண்ணே. அமெரிக்காவின் மேயின் மாநிலத்தைச் சேர்ந்த செஸ்டர் கிரீன்வுட், 1873இல் தம் 15ஆம் வயதில், குளிரில் காது நோவதைத் தடுக்கக் கம்பியை வளைத்து, பாட்டியாரைக் கொண்டு மயிர்த்தோல் தைப்பித்துக் காதுறை செய்தார். அதனைத் திருத்தியமைத்து 1877இல் காப்புரிமை பெற்றார். பின்னர்த் தொழிற்சாலையும் நிறுவினார்.

தோட்டப்புற மாணவர்களும் இவ்வாறு முயலலாம். விடியலில் பால்வெட்டச் செல்வோருக்கு வீட்டில் பசியாற நேரமில்லை எனக் கொள்வோம். பத்துப் பேரிடம், இப்போது என்ன செய்கின்றனர், எவ்வளவு செலவாகிறது என வினவுங்கள். “வாங்குவீர்களா?” என்றால் அன்பினால் “ஆம்” என்பர், அது சான்றாகாது. பத்துப் பொட்டலங்கள் மட்டும் விற்றுப் பாருங்கள். மறுநாளும் கேட்டு வாங்குகிறார்களா? பொருள், எரிவாயு, உழைப்பு ஆகியவற்றின் செலவு போக மிச்சம் உண்டா? இவ்விரண்டும் உறுதியாகும்வரை பெற்றோரின் சேமிப்பைத் தொடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள்.