நெபுலைசரில் உப்பு நீர்: ஐரோலி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பிராங்கியெக்டாசிஸ் போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள குழந்தைகள் சிலருக்கு, 3 அல்லது 7 சதவீத உப்பு நீரை நெபுலைசரில் வைக்கச் சொல்வார் டாக்டர். வழக்கமாகக் கிடைக்கும் சலைன் 0.9 சதவீதம்தான். சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

1. அடர்ந்த உப்பு, மூச்சுக்குழாய்க்குள் நீரை இழுத்து, ஒட்டிக்கிடக்கும் சளியை நெகிழ்த்தும், இருமலையும் கிளப்பும். அதோடு அதன் வேலை முடிந்தது. சளியை வெளியேற்றும் வேலை நம்முடையது. மெஷினை அணைத்ததும் குழந்தை டிவி பக்கம் ஓடிவிட்டால் வைத்தது பாதி வீண். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சியை உடனே செய்யுங்கள். பெரிய பிள்ளைகள், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று மூச்சைத் தள்ளலாம்.

2. பொதுவான வரிசை: முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால், 10–15 நிமிடம் கழித்து உப்பு நீர், பிறகு பயிற்சி, கடைசியில்தான் இழுக்கும் ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ. டாக்டர் சொல்லாமல் இரண்டு மருந்தை ஒரே கப்பில் கலக்க வேண்டாம்.

3. முதல் தடவை மருத்துவமனையில்தான். சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பு வரும்.

4. காலை டிபனுக்கு முன்னால் வையுங்கள். சாப்பிட்டதும் வைத்தால் இருமி வாந்தி எடுப்பார்கள். இரவு வேளையைப் படுக்கப்போகும் நேரம்வரை தள்ளாதீர்கள்.

5. சமையல் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றவே கூடாது, கொதிக்க வைத்தாலும் சரி. அளவும் சரியாக வராது, கிருமியும் உள்ளே போகும். பிரித்த ஆம்ப்யூலில் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். யூக்கலிப்டஸ் தைலம் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

6. எல்லாவற்றையும்விட முக்கியம் கப்பின் சுத்தம். ஈரக் கப்பில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வளர்ந்து, அடுத்த வேளை நேராக நுரையீரலுக்குள் போகும். உப்பு காய்ந்தால் துவாரமும் அடைபடும். அதனால் ஒவ்வொரு முறையும் கழற்றி, சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைக்கலாம் என்று கையேட்டில் இருந்தால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். அதன்பின் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். ட்யூபைக் கழுவ வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் மெஷினைச் சற்று ஓட விட்டால் காய்ந்துவிடும்.

7. ஜூன் முதல் செப்டம்பர்வரை ஐரோலியில் எதுவும் லேசில் காயாது. கப்பைச் சுத்தமான துணியில் பரப்பி நன்றாகக் காயவிட்டே டப்பாவில் மூடுங்கள். இரண்டு கப் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம்.

8. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் மூன்றும் இப்படிக் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தாணே–பேலாப்பூர் ரோட்டுப் பக்கம் தூசும் ரசாயன வாடையும் அடிக்கிற நேரம் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வெந்நீரில் ஆவி பிடிப்பது நெபுலைசருக்கு மாற்று ஆகாது. அதில் வெந்து போகும் குழந்தைகள் உண்டு.

9. அலையில் சறுக்கி விளையாடும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நெஞ்சு தெளிவாக இருப்பதை ஆஸ்திரேலிய டாக்டர்கள் கவனித்தார்கள். உப்பு நீர்தான் காரணமோ என்று சோதித்தார்கள். 2006இல் வெளியான அவர்கள் ஆய்வில் 164 பேர் 48 வாரம் தினமும் இரு வேளை உப்பு நீரை இழுத்தார்கள், சிலர் 7 சதவீதம், மற்றவர்கள் 0.9 சதவீதம். 7 சதவீதக்காரர்களுக்கு நோய் திடீரென முற்றுவது நன்றாகக் குறைந்தது. ஊதும் சோதனையின் எண்ணோ கொஞ்சம்தான் ஏறியது. ஆகவே எண் ஏறவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். (நம் தாணே கழிமுகக் காற்று அந்தக் கடலுக்கு ஈடாகாது.)

10. இழுப்பு, உதடு நீலமாதல், சளியில் ரத்தம்: உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். சளியின் நிறமோ அளவோ மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

11. காரணம் தெரியாத இருமல் இரண்டு வாரம் தாண்டினால், நெபுலைசர் வாங்குமுன் டிபி பரிசோதனை செய்யுங்கள்.

12. பரேல் வாடியா குழந்தைகள் மருத்துவமனைக்கு ரயிலில் போகிறவர்கள் தாணேயில் மாற வேண்டும். காலை வேளையை வீட்டிலேயே முடித்துவிட்டு, மருந்துப் பெயரும் சதவீதமும் எழுதிய சீட்டோடு கப்பையும் எடுத்துப் போங்கள். கழுவும் முறை சரியா என்று அங்கே காட்டிக் கேட்கலாம்.