பத்து வாரக் கோடையும் பாதி இரவு வேலையும்

அன்புள்ள தம்பி,

வரும் கோடை விடுமுறையில் ஒரு பெரிய முதலீட்டு வங்கியில் இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட வேண்டும் என்று துடிக்கிறாய். நல்ல ஆசை. எத்தனை பேர் அந்த வாசலில் நிற்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள். கோல்ட்மன் சாக்ஸின் 2024ஆம் ஆண்டுக் கோடைப் பயிற்சிக்கு உலகெங்குமிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. நூற்றில் ஒருவருக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. இப்படி முண்டியடித்து உள்ளே போகும் மாணவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வங்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாஸ்புக்கும் நகைக்கடனும் டோக்கன் எண்ணும். முதலீட்டு வங்கியில் இவை எதுவும் கிடையாது. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போதும், பங்குச் சந்தைக்கு வரும்போதும், கடன் பத்திரம் வெளியிடும்போதும் கூடவே இருந்து வழிகாட்டிக் கட்டணம் வாங்குவது அதன் தொழில். லண்டனிலும் நியூயார்க்கிலும் கோடைப் பயிற்சி பெரும்பாலும் பத்து வாரங்கள் நடக்கும். நன்றாகச் செய்தவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் வந்து சேரும்படி வேலை உறுதி தருவார்கள். ஆக, அந்தப் பத்து வாரமும் ஒரு நீண்ட நேர்காணல். நான் இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

பயிற்சி மாணவர் செய்யும் வேலை பெரிய ரகசியமல்ல. ஒரே தொழிலில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டி, வருமானம், லாபம், கடன் ஆகியவற்றை எக்ஸெல்லில் ஏற்ற வேண்டும். சந்தை அந்த நிறுவனங்களை லாபத்தைப் போல எத்தனை மடங்கு மதிக்கிறது என்று விகிதம் போட வேண்டும். பிறகு அவற்றைப் பவர்பாயிண்ட் பக்கங்களாக்க வேண்டும். வாடிக்கையாளர் முன் வைக்கப்படும் இந்தக் கட்டுக்கு ‘பிட்ச் புக்’ என்று பெயர். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எழுத்தின் அளவு, தசமப் புள்ளி, கட்டத்தின் நிறம் வரை சரிபார்ப்பார்கள். இதை அற்பம் என்று ஒதுக்காதே. ஓர் எண் எந்த ஆண்டறிக்கையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம் எந்தத் தொழிலுக்குப் போனாலும் உனக்குக் கைகொடுக்கும்.

இந்த வேலைக்கு ஏன் இரவு தேவைப்படுகிறது? படிநிலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். கீழே அனலிஸ்ட், அவருக்கு மேலே அசோசியேட், பிறகு வைஸ் பிரசிடென்ட், டைரக்டர், உச்சியில் எம்.டி. மேலே இருப்பவர்களின் பகல் வாடிக்கையாளர் சந்திப்புகளிலேயே போய்விடும். மாலையில்தான் அவர்கள் பிட்ச் புக்கைக் கையில் எடுத்துத் திருத்தங்கள் எழுதுவார்கள். அது படிப்படியாகக் கீழே இறங்கி மாணவரின் மேசைக்கு வரும்போது மணி ஏழோ எட்டோ ஆகியிருக்கும். மறுநாள் காலையில் கூட்டம் என்றால் இடையில் இருப்பது அந்த இரவு மட்டுமே. பகலில் காத்திருந்து இரவில் உழைக்கும்படி வேலையே அமைந்திருக்கிறது. போதாததற்கு, முதலில் எழுந்து வீட்டுக்குப் போகிறவர் என்று பெயரெடுக்க எந்த மாணவருக்கும் துணிவு வராது. வேலை முடிந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

மோரிட்ஸ் எர்ஹார்ட் என்ற ஜெர்மன் மாணவருக்கு வயது 21. 2013 கோடையில் பேங்க் ஆஃப் அமெரிக்கா மெரில் லிஞ்சின் லண்டன் அலுவலகத்தில் ஏழு வாரப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஆகஸ்ட் 15 அன்று, தங்கியிருந்த குடியிருப்பின் குளியலறையில் இறந்து கிடந்தார். மூன்று நாள் தொடர்ந்து விடியும் வரை வேலை செய்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. நவம்பரில் நடந்த மரண விசாரணையில், வலிப்பு வந்ததால் அவர் இறந்தார் என்று முடிவானது. களைப்பு அந்த வலிப்பைத் தூண்டியிருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் விசாரணை அதிகாரி. வலிப்புக்கு அவர் மருந்து எடுத்துவந்தார். கூட வேலை செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அந்த நாட்களில் லண்டன் பயிற்சி மாணவர்களிடையே ஒரு வழக்கம் பேசப்பட்டது. விடியற்காலையில் டாக்சி மாணவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும். அவர் குளித்து உடை மாற்றி வரும் வரை வாசலிலேயே நிற்கும். பிறகு அப்படியே அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். இதை வீரம்போலச் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. இதில் வீரம் எதுவும் இல்லை, தம்பி.

தூக்கம் கெட்டால் எண்ணும் கெடும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானபோது, அதன் சொத்துகளில் ஒரு பகுதியை வாங்க பார்க்ளேஸ் வங்கி முன்வந்தது. எந்தெந்த ஒப்பந்தங்கள் பார்க்ளேஸுக்கு வரும் என்ற எக்ஸெல் பட்டியலை நள்ளிரவுக் கெடுவுக்குள் நீதிமன்றத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. பார்க்ளேஸ் தரப்புச் சட்ட நிறுவனத்தின் இளம் வழக்கறிஞர் ஒருவர் அவசரமாக அதை பி.டி.எஃப். ஆக்கினார். வேண்டாம் என்று குறித்து மறைத்து வைத்திருந்த வரிசைகள் அதில் வெளியே வந்துவிட்டன. வாங்க விரும்பாத 179 ஒப்பந்தங்கள் பட்டியலில் சேர்ந்துபோக, திருத்தம் கேட்டு மறுபடி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ராத்திரியில் யாராவது உன்னிடம் ஒரு கோப்பை நீட்டினால், மறைந்த வரிசைகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்.

எர்ஹார்டின் மரணத்துக்குப் பிறகு வங்கிகள் சில விதிகளைக் கொண்டுவந்தன. மாதத்தில் நான்கு வார இறுதி நாட்களாவது ஓய்வெடுக்கும்படி இளநிலை ஊழியர்களுக்கு பேங்க் ஆஃப் அமெரிக்கா 2014இல் அறிவுறுத்தியது. நள்ளிரவு முதல் காலை ஏழு மணி வரை பயிற்சி மாணவர்கள் அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்றது கோல்ட்மன் சாக்ஸ், 2015இல். கணக்குப் பார்த்தால், மீதி 17 மணி நேரம் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? 2021இல் அதே வங்கியின் முதலாண்டு அனலிஸ்டுகள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கு வெளியானது. வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேர வேலை, இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம். 2024இல் ஜே.பி. மார்கன் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்த வேலைக்கு மட்டும் விதிவிலக்கு. அவசரம் என்ற ஒரு சொல்லில் கரைந்துபோகும் விதிகள் இவை. இவற்றை மட்டும் நம்பி நீ போகக் கூடாது.

அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கைப் படித்து அதற்கு விலை சொல்லும் கலையை இவ்வளவு குறுகிய காலத்தில் கற்றுத்தரும் இடங்கள் குறைவு. நியமனக் கடிதம் வந்ததும், ஊதியப் பக்கத்துக்கு முன்னால் வேலை நேரப் பக்கத்தைப் படி. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரம்தான் உச்சவரம்பு. அந்த வரம்பு வேண்டாம் என்று ஊழியரே எழுதிக் கொடுக்கலாம். அப்படி ஒரு தாள் உன் முன்னால் வந்தால், படிக்காமல் கையெழுத்துப் போடாதே. சென்ற ஆண்டு அங்கே பயிற்சி முடித்த சீனியரைத் தேடிப்பிடித்து, எந்தக் குழுவில் இருந்தார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று விசாரி. நாள்தோறும் மருந்து சாப்பிட வேண்டிய உடம்பு என்றால் சேர்ந்த முதல் வாரமே மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் தெரியப்படுத்து. இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல் போனால், மூன்றாவது இரவு வருவதற்குள் உன் அசோசியேட்டிடம் வாய்விட்டுச் சொல், வீட்டுக்கும் போன் செய்.