வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் ஒரு வருடம்: பவுண்டேசன் கோர்ஸ் என்றால் என்ன?



தெல்தெனியவுக்கு மேலே உள்ள நம் தோட்டங்களில் கொஞ்ச நாளாக ஒரு துண்டுப் பிரசுரம் கைமாறிக்கொண்டிருக்கிறது. "உயர்தரம் சரிவராவிட்டாலும் லண்டனில் பட்டம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மேல்கணக்கில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா அதை நான்காக மடித்து எங்களிடம் கொண்டுவந்தார்.

"ஐயா, தம்பிக்கு ஏ.எல்.ல ரெண்டு பாடந்தான் சரி. ஒரு வருசம் பவுண்டேசன் படிச்சா அங்கயே கெம்பஸ் போகலாம்னு சொல்றாங்க. காப்பையும் சங்கிலியையும் அடகு வச்சா பத்துமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்த அக்காவுக்குச் சொன்னதையும், அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இந்த இதழில் எழுதுகிறோம்.

பவுண்டேசன் கோர்ஸ் என்பதைத் தமிழில் அடித்தளப் பாடநெறி என்று சொல்லலாம். நமக்குத் தெரிந்த விசயத்தை வைத்தே விளங்கிக்கொள்வோம். தேயிலைத் தண்டை வெட்டினதும் கொண்டுபோய் மலையில் நடுவதில்லை. நர்சரியில், சின்னப் பொலித்தீன் பைக்குள், நிழலுக்குக் கீழே வைத்து வேர் பிடிக்க விடுகிறோம். பிறகு நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெயிலுக்குப் பழக்குகிறோம். ஒரு வருடம் பக்கம் ஆகித்தான் மலைக்குப் போகிறது. வேறு நாட்டில் இருந்து வரும் மாணவனை அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பழக்கி எடுக்கும் வருடம்தான் இதுவும். பொதுவாக ஒரு கல்வியாண்டு நடக்கும். நர்சரியில் வைத்த கன்று எல்லாம் மலைக்குப் போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதைப் பிறகு சொல்கிறோம்.

இப்படி ஒரு வருடம் ஏன் வேண்டும்? இங்கிலாந்தில் ஒரு சாதாரண பட்டப்படிப்பு மூன்று வருடம். மாணவன் பதின்மூன்று வருடம் பள்ளியில் படித்து, ஏ லெவல் பரீட்சை எழுதிவிட்டு வருவான் என்று வைத்துத்தான் அந்த மூன்று வருடத்தைப் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் பல நாடுகளில் பள்ளிப் படிப்பு பன்னிரண்டு வருடத்தோடு முடிகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பத்தான் பவுண்டேசன் வந்தது. வட இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சில ஒன்றுசேர்ந்து 1987 ஆம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தன. இன்று பல்கலைக்கழகங்களும், அவற்றோடு ஒப்பந்தம் செய்த தனியார் கம்பனிகளும் இதை நடத்துகின்றன. ஜெர்மனியிலும் இதே வேலையைச் செய்யும் கல்லூரிகள் இருக்கின்றன. 'ஸ்டூடியன்கொலெக்' என்று பெயர், இரண்டு அரையாண்டு, முடிவில் ஒரு தகுதிகாண் பரீட்சை. அரசாங்கம் நடத்தும் இடங்களில் பெரும்பாலும் வகுப்புக் கட்டணம் இல்லை. ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் உள்ளே போக ஏலாது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பிரசுரம் போடுகிறவர்கள் சொல்லாத முக்கியமான விசயம் இங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் படிப்பது பதின்மூன்று வருடம். நம் க.பொ.த. உயர்தரம் அந்த ஏ லெவல் முறையில் இருந்து வந்த பரீட்சைதான். ஆகவே மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு உள்ள இலங்கைப் பிள்ளையை, ஆங்கிலத் தகுதியும் இருந்தால், பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல நேரடியாக முதலாம் வருடத்துக்கே எடுக்கின்றன. அப்படிப்பட்ட பிள்ளைக்கு பவுண்டேசன் தேவையே இல்லை. தேவையில்லாத ஒரு வருடத்தையும் விற்றுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஏஜென்சிக்கு அந்தக் கல்லூரி கொமிசன் கொடுக்கிறது. கொமிசன் வாங்குவது குற்றமில்லை. ஆனால் நமக்கு முன்னால் உட்கார்ந்து புத்தி சொல்கிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

அப்படியானால் நம்மவரில் இது யாருக்கு? சாதாரணதரம் முடித்து உயர்தரம் எழுதாத பிள்ளைக்கு, உயர்தரத்தில் பெறுபேறு குறைந்த பிள்ளைக்கு, கலைப்பிரிவில் படித்துவிட்டு வேறு துறைக்கு மாற நினைக்கும் பிள்ளைக்கு.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? பாதி ஆங்கிலம். கடையில் பேசுகிற ஆங்கிலம் இல்லை. விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பு எடுப்பது, இரண்டாயிரம் சொல்லில் கட்டுரை எழுதுவது, வேறு ஆள் எழுதியதை எடுத்தால் எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டுவது, வகுப்புக்கு முன்னால் எழும்பி நின்று பேசுவது. மற்றப் பாதி, அந்தப் பிள்ளை போக நினைக்கும் துறைக்கு ஏற்ற கணிதம், விஞ்ஞானம், வணிகம் போன்ற பாடங்கள். நம் பள்ளிக்கூடத்தில் நோட்டு எழுதி, பாடமாக்கி, பரீட்சையில் இறக்கிப் பழகிய பிள்ளைக்கு இது புது உலகம்தான். இந்தப் பழக்கம் இல்லாமல் போகிற பிள்ளை முதல் வருடத்திலேயே தடுமாறும் என்பது உண்மை. ஆகவே இந்தப் படிப்பே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல இடத்தில் படித்தால் நல்ல படிப்பு.

ஆனால் அது பட்டம் இல்லை. பிரசுரத்தில் "பல்கலைக்கழக இடம் நிச்சயம்" என்று இருந்தது. கல்லூரி அனுப்பும் கடிதத்தைப் பார்த்தால் "இன்ன பாடத்தில் இத்தனை புள்ளி, ஆங்கிலத்தில் இத்தனை புள்ளி எடுத்தால்" என்று எழுதியிருக்கும். அந்தப் புள்ளி வராவிட்டால் முதலாம் வருடத்துக்குப் போக முடியாது. ஒரு கல்லூரியின் பவுண்டேசன் சான்றிதழை இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்றே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. கையில் ஒரு துண்டுச் சான்றிதழும் வீட்டில் கடனும் மட்டும் மிஞ்சலாம். (எங்கள் ஆட்களுக்கு மான்செஸ்டரும் லண்டன்தான், கிளாஸ்கோவும் லண்டன்தான். எந்த ஊர், எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம் என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.)

காப்பும் சங்கிலியும் பத்துமா என்று அக்கா கேட்டார் இல்லையா, அந்தக் கணக்கைப் பார்ப்போம். பிரித்தானியாவில் ஒரு வருட பவுண்டேசனுக்கு 15,000 பவுணுக்கு மேல் கேட்கிற இடங்களே அதிகம். பவுண் ஒன்று 400 ரூபா என்று வைத்தால் 60 லட்சம். 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாள் சம்பளத்தில், மாதம் 25 பேர் போட்டால் 33,750 ரூபா. ஒரு சதம் செலவழிக்காமல், ஒரு சுண்டு அரிசியும் வாங்காமல் சேர்த்தாலும் 60 லட்சம் சேர பதினாலு வருடமும் பத்து மாதமும் ஆகும். இது வகுப்புக் கட்டணம் மட்டும். விசாக் கட்டணம், அந்த நாட்டு வைத்தியச் சேவைக்கு முன்கூட்டியே கட்டும் பணம், பிளேன் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் வேறு. அதற்குப் பிறகு பட்டப்படிப்பின் மூன்று வருடம் அப்படியே இருக்கிறது.

"அங்க போய் வேலை செஞ்சு கட்டிக்கலாம்னாங்களே?" என்று அக்கா கேட்டார். இதிலும் ஒரு சங்கதி உண்டு. பிரித்தானிய மாணவர் விசாவில், பட்டப்படிப்பு படிக்கிறவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். பவுண்டேசன் பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்பாக இருந்தால் 10 மணி நேரம்தான். சில தனியார் கல்லூரிகளில் சேர்ந்தால் அதுவும் இல்லை. வாரம் 10 மணி நேரத்தில் சாப்பாட்டுச் செலவைக் கொஞ்சம் சமாளிக்கலாம், அடுத்த வருடக் கட்டணம் கட்ட ஏலாது. கூடுதலாகச் செய்து பிடிபட்டால் விசா போய்விடும்.

இன்னொன்று. விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாளாவது வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். "அதுக்கு நாங்க ஆள் பிடிச்சுத் தாரோம், வட்டியை மட்டும் கட்டுங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய்யான வங்கிக் கடிதம், பொய்யான சான்றிதழ் கொடுத்தது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, பத்து வருடம் வரைக்கும் அந்த நாட்டு விசா கிடைக்காமல் போகலாம். தண்டனை பிள்ளையின் பெயரில்தான் விழும், ஏஜென்சியின் பெயரில் இல்லை.

சரி, அந்தத் தம்பிக்கு வேறு வழி என்ன? முதலில், அவன் உயர்தரம் எழுதியது ஒரே ஒரு தடவை. அரசாங்கப் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வரை எழுத இடம் உண்டு. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக வேண்டும், பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும். சரிவராத அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி இல்லை, மூன்றையும் திரும்ப எழுத வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் இருப்பதும் உண்மை. இடங்களில் 40 வீதம் நாடு முழுவதுக்கும் பொதுவான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கண்டி இல்லை. ரங்கலைத் தோட்டத்துப் பிள்ளை கண்டி டவுனில் உள்ள பெரிய கல்லூரிப் பிள்ளைகளோடுதான் மாவட்ட இடத்துக்குப் போட்டி போட வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். லயத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது.

இரண்டாவது வழி பக்கத்திலேயே இருக்கிறது. 1980 இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் உண்டு. அங்கேயும் அடித்தளப் பாடநெறி என்றே பெயர். உயர்தரம் சரிவராதவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள், பதினெட்டு வயது தாண்டியவர்கள் பட்டப்படிப்புக்கு ஏறும் படியாகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். லண்டன் பிரசுரம் சொல்லும் அதே காரியம், வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். எந்தப் பிரிவுக்கு என்ன தகுதி, தமிழில் எது நடக்கிறது, கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணையில் கட்டலாம் என்று நிலையத்துக்கே போய்க் கேளுங்கள். விண்ணப்பம் எல்லாக் காலத்திலும் கோருவதில்லை. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கைத்தொழிலில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. வழி இருக்கிறது. அது ஏழு மட்டம். ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம். உயர்தரம் நன்றாகச் செய்து வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைக்கு இந்திய அரசாங்கத்தின் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே உள்ள இந்திய நிதியத்தின் உதவித்தொகையும் உண்டு. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அங்கே விசாரிக்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா, "அப்ப லண்டன் வேணாம்னு சொல்றீங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? தம்பி கெட்டிக்காரன். ஆங்கிலப் புத்தகம் வாசிக்கிறான். இன்னொரு தடவை பரீட்சை எழுதி மூன்று பாடமும் எடுத்தால் அவனுக்கு பவுண்டேசனே தேவைப்படாமல் போகலாம் என்றுதான் சொன்னோம். அக்கா ஒன்றும் பேசவில்லை. பிரசுரத்தைத் திரும்ப மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். தம்பிதான், பொல்கொல்லைக்கு எத்தனையாம் நம்பர் பஸ் என்று கேட்டான்.

இப்படிப் பிரசுரம் கிடைத்த மற்றக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். முற்பணம் கட்டுவதற்கு முன்பு, ஆங்கிலத்தில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதற்கு முன்பு, அந்தத் தாளையும் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட அதிபரிடமோ எங்களிடமோ வாருங்கள். விசா கிடைக்காவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்ற வரி அதில் எங்கே இருக்கிறது என்று சேர்ந்து தேடிப் பார்ப்போம்.