பழைய கம்ப்யூட்டர் எழவில்லையா? முதலில் மின்சாரத்தை அளந்து பாருங்கள்



பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எப்போதோ வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர் இன்னும் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அது திடீரென்று எழவில்லை என்றால் உடனே தூக்கி எறிய வேண்டாம்.

ஸ்கெலட்டன் பகுதியில் ஒரு குடும்பத்தில் இப்படி நடந்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும்; சில விநாடிகளில் நின்றுவிடும். சுரங்கத்தில் உழைத்த தாத்தாவின் சர்வீஸ் காகிதங்களும் பழைய புகைப்படங்களும் அதில்தான் இருந்தன. கடையில், "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ரயில்வேயில் நாங்கள் பழகிய முறை வேறு. சிக்னல் எரியவில்லை என்றால் முதலில் அதற்கு வரும் மின்சாரத்தை அளப்போம். பிறகுதான் மற்றதைக் குறை சொல்வோம்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது என்ன?

கம்ப்யூட்டரின் பின்புறம் விசிறியோடு இருக்கும் தகரப் பெட்டிதான் அது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எர்த். ஊதா நிறக் கம்பியில், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்கும். சில கம்பெனிகளின் பழைய மாடல்களில் இந்த அமைப்பு மாறும், கவனம் தேவை.

எச்சரிக்கை: அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது இருக்கும்.

பரிசோதிக்கும் முறை

1. சுவர் பிளக்கில் வேறு விளக்கைப் போட்டுப் பாருங்கள். மின்கம்பியையும், பெட்டியின் பின்னால் உள்ள சுவிட்சையும் பாருங்கள். பாதிப் புகார் இதிலேயே தீரும்.

2. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் செருகிய பெரிய இணைப்பைக் கழற்றுங்கள். அதன் பச்சைக் கம்பித் துளையையும் ஒரு கறுப்புக் கம்பித் துளையையும் சிறு கம்பியால் இணைத்த பின் பிளக்கைப் போடுங்கள். விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பெட்டியில்தான் கோளாறு.

3. விசிறி சுற்றினால் அதோடு விட்டுவிடக் கூடாது. பளு இல்லாதபோது நோஞ்சான் பெட்டியும் நல்லதுபோல் நடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, இணைப்பைப் பழையபடி செருகுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின்சார அளவில் வைத்து, சும்மா தொங்கும் நான்கு துளை இணைப்பில் அளந்தபடியே கம்ப்யூட்டரைப் போடுங்கள். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரையும் இருக்க வேண்டும்.

ஸ்கெலட்டன் வீட்டில் பளு இல்லாதபோது சிவப்பு 5.1 காட்டியது. மதர்போர்டோடு சேர்த்ததும் 4.4க்கு இறங்கி நின்றுவிட்டது.

4. இதை வைத்து மட்டும் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. மதர்போர்டில் ஷார்ட் இருந்தாலும் வோல்ட் இறங்கும். ஆகவே நன்றாக வேலை செய்யும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்க்க வேண்டும். நாங்கள் பக்கத்து வீட்டுப் பெட்டியை மாட்டினோம், கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை என்று அப்போதுதான் உறுதியானது.

புதுப் பெட்டி வாங்கும்போது பழையதன் வாட் அளவு அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். இணைப்பில் 20 துளையா, 24 துளையா என்று எண்ணிக்கொண்டு போங்கள்.

கம்ப்யூட்டர் எழுந்ததும் முதல் வேலை, முக்கியமானவற்றைப் பென் டிரைவில் நகல் எடுப்பது. தாத்தாவின் காகிதங்களை அன்றே இரண்டு பிரதிகள் எடுத்தோம். எழாவிட்டாலும் ஹார்டு டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். பெட்டி பழுதானால் டிஸ்க்கில் உள்ளவை அழிந்தன என்று அர்த்தமில்லை. வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

அளக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். அளந்து பார்த்துப் பேசும் பழக்கம் அவர்களுக்கு எந்தத் தொழிலிலும் கைகொடுக்கும்.