கொய்த மலர்கள் வாடாதிருக்க

சில மாதங்களுக்கு முன் கணக்குத் தணிக்கைக்காக ஒரு மலர் உற்பத்தியாளர் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் அமர்ந்திருந்தேன். முந்தின நாள் காலையில் வாங்கிச் சென்ற ஒரு கட்டு ரோஜாவை ஓர் அம்மையார் திருப்பிக் கொண்டுவந்தார். இதழ் ஒன்றும் உதிரவில்லை, நிறமும் மங்கவில்லை. ஆயினும் அத்தனை பூக்களும் கழுத்து வளைந்து தலை கவிழ்ந்திருந்தன. "பழைய பூவைக் கொடுத்துவிட்டீர்கள்" என்றார் அவர். அவை விற்ற அன்று விடியற்காலையில் கொய்யப்பட்டவை என்பதற்குச் சான்றான வரவுப் பதிவேடு என் கையிலேயே இருந்தது. ஆனால் பதிவேட்டைக் காட்டி வாடிக்கையாளரைத் திரும்ப அழைக்க முடியுமா? அங்கத்தினர் பாடுபட்டு வளர்க்கும் மலரின் விலை, அவர் முகமறியாத ஒரு வீட்டில், ஒரு ஜாடித் தண்ணீரில் நிர்ணயமாகிறது.

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. வீட்டுக்குச் சென்றதும் பூக்கட்டை மேசைமீது போட்டுவிட்டுச் சமையலைக் கவனித்திருக்கிறார். பிறகு கட்டை அவிழ்க்காமல், இலைகளைக் களையாமல், அப்படியே ஜாடியில் இறக்கியிருக்கிறார்.

மலர் நீரில் நின்றுகொண்டே தாகத்தால் மடிவதுண்டு என்றால் நம்புவது கடினம். உண்மை அதுவே. பாவில் இழைகள் அடுத்தடுத்து ஓடுவதை நம் நெசவாள அங்கத்தினர்கள் அறிவார்கள். அதுபோலவே காம்பினுள் நுண்ணிய குழாய்கள் நெடுக ஓடுகின்றன. காம்பை அறுத்துக் காற்றில் வைத்தால் அக்குழாய்களின் வாயில் நீருக்குப் பதிலாகக் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். நீரில் மூழ்கிய இலைகள் அழுகினாலோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி அவையும் குழாய்களை அடைக்கும். மேலே இலையும் இதழும் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்க, கீழிருந்து நீர் ஏறாது. ரோஜாவில் முதலில் சோர்வது பூவுக்குச் சற்றுக் கீழேயுள்ள மென்மையான கழுத்துதான்.

அங்கேயே ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான நீர் கொண்டுவரச் சொன்னேன். காம்பின் நுனியை நீருக்குள்ளேயே வைத்து, கூரிய கத்தியால் ஓர் அங்குலம் சாய்வாக அறுத்தோம். மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். ஆகவே அது ஆகாது. சாய்வாக அறுப்பது, வெட்டுவாய் ஜாடியின் அடியில் அப்பிக்கொள்ளாதிருப்பதற்காக. பின்பு பூக்களைக் காம்போடு ஒரு மணி நேரம் நீரில் படுக்க வைத்தோம். பெரும்பாலானவை நிமிர்ந்துவிட்டன. செயலாளர் புதிய கட்டு ஒன்று தர முன்வந்தார். அம்மையார் தம் பழைய பூக்களையே எடுத்துச் சென்றார்.

வீட்டில் செய்ய வேண்டியது சிறிதே. ஜாடியைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவுக. நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலையும் இருக்கலாகாது. நாள்தோறும் நீரை மாற்றுக. இரண்டு நாளைக்கொரு முறை காம்பின் நுனியைச் சிறிது அறுத்துவிடுக. சர்க்கரை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், மொட்டு விரிய அது உணவாகும். ஆனால் நுண்ணுயிருக்கும் அதுவே விருந்து. ஆகையால் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையுடன் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். புளிப்பு ஏறிய நீரில் நுண்ணுயிர் எளிதில் பெருகாது. இக்கலவையை உலோகப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம். நீரை மாற்றச் சோம்பல்படுகிறவர்கள் சர்க்கரையைத் தொடாதிருப்பதே நலம். செப்புக் காசு போடும் வழக்கத்தால் பயன் உண்டென்று என் அனுபவத்தில் தெரியவில்லை.

வெயில் படும் ஜன்னலும், மின்விசிறியின் நேர்க்காற்றும் ஆகா. வாழைத்தார் தொங்கும் இடத்துக்கு அருகில் ஜாடியை வைப்பதும் தவறு. பழுக்கும் கனியிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. பழத்தைக் கனியவைக்கும் அதே வாயு பூவை முதுமையடையச் செய்கிறது. கார்னேஷன் மலர் இதற்கு மிக விரைவில் இரையாகும். குளிர்ப்பெட்டியில் பழங்களோடு பூவை வைப்பதும் இக்காரணத்தால் கூடாது.

சம்பங்கித் தண்டில் பூக்கள் அடியிலிருந்து நுனி நோக்கி மலரும். அடிப்பூ ஒன்றிரண்டு விரிந்த தண்டாகப் பார்த்து வாங்கி, வாடியவற்றை அவ்வப்போது கிள்ளிவிட்டால் மேலுள்ள மொட்டுகள் விரிய வழி ஏற்படும். தொடுத்த மல்லிகைக்கு நீர் உறிஞ்சக் காம்பு இல்லை. அதை வாழையிலையில் பொதிந்து ஈரத்துணி சுற்றி வைப்பதே முறை.

இன்னும் ஒன்று. அன்று புறப்படுமுன், பூக்கட்டுகள் நின்ற விற்பனை நிலைய வாளியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பாசி பிடித்ததுபோல் வழுவழுத்தது. அம்மையாரின் ஜாடியைக் குறைகூறிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தோன்றவேயில்லை. தணிக்கைப் படிவத்தில் வாளிக்கென ஓர் இடம் கிடையாது. குறிப்புரைப் பகுதியில் எழுதிவிட்டு வந்தேன்.